விண்டோஸ் 11-க்கு மாறும்போது எங்கே சறுக்குகிறோம்?

விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. அதன் பிறகு வீட்டுக் கணினி வைத்திருப்பவர்களிடம் இரண்டு விதமான பதற்றத்தைப் பார்க்கிறேன். சிலர் கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே கடைக்குப் போகிறார்கள். சிலர் "நம்ம மெஷின்ல 11 ஏறாதாம்" என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் புதிதாக ஒன்றுக்கு விலை விசாரிக்கிறார்கள். அப்கிரேடு பெரும்பாலும் தானே நடந்து முடிகிற வேலை. ஃபைல் காணாமல் போவதும், கணினி பூட்டிக்கொள்வதும் அதற்கு முன்னும் பின்னும் நாம் செய்கிற காரியங்களால்தான்.

முதலில் அவசரத்தைத் தணித்துக்கொள்ளலாம். வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டைத் தொடர்ந்து பெற மைக்ரோசாஃப்ட் வழி வைத்திருக்கிறது. விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருந்தால் செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிந்துகொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, கணினியின் அமைப்புகளை அதில் சேமிக்கச் சம்மதித்தால் காசு கிடையாது. சம்மதமில்லை என்றால் 30 டாலர்.

"சப்போர்ட் இல்லை" என்று வந்தால்

விண்டோஸ் 11 கேட்பது: 64 பிட் பிராசஸர், 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், செக்யூர் பூட் வசதி (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் காவல்), டி.பி.எம். 2.0 (பூட்டுச் சாவிகளைப் பாதுகாக்கும் பாதுகாப்புச் சிப்). இவற்றோடு பிராசஸர் மைக்ரோசாஃப்டின் பட்டியலிலும் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏ.எம்.டி. என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. மடிக்கணினி ஸ்டிக்கரில் வெறும் "ஐ5" என்றிருப்பதை வைத்து முடிவு செய்ய முடியாது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்று போய் முழு எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யு ஏழாம் தலைமுறை, பட்டியலில் இல்லை. ஐ5-8250யு எட்டாம் தலைமுறை, இருக்கிறது.

பிராசஸர் சரியாக இருந்தும் மைக்ரோசாஃப்டின் பி.சி. ஹெல்த் செக் செயலி டி.பி.எம். இல்லை என்கிறதா? கணினியைத் தள்ளிவிடாதீர்கள். அசெம்பிள் செய்த பல டெஸ்க்டாப்களில் டி.பி.எம். இருந்தும் பயாஸில் (கணினி ஆன் ஆகும்போது விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரை) அணைத்து வைத்திருப்பார்கள். இன்டெல் போர்டில் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. போர்டில் எஃப்.டி.பி.எம். என்றும் இருக்கும். அதை எனேபிள் செய்தால் போதும்.

ஆனால் அதே பயாஸில் செக்யூர் பூட்டுக்காக "லெகசி" (பழைய பூட் முறை) என்றிருப்பதை அப்படியே யு.இ.எஃப்.ஐ. (புதிய பூட் முறை) என்று மாற்றிவிட்டு, கணினி பூட் ஆகவில்லையே என்று தலையில் கை வைப்பவர்கள் அதிகம். பழைய முறையில் விண்டோஸ் போட்ட டிஸ்க் எம்.பி.ஆர். என்ற பழைய வகைப் பிரிப்பில் இருக்கும். அதை முதலில் ஜி.பி.டி. என்ற புதிய வகைக்கு மாற்றிய பிறகே பயாஸில் கை வைக்க வேண்டும். விண்டோஸ் 10-இலேயே இருக்கும் எம்.பி.ஆர்.2ஜி.பி.டி. என்ற கருவி டேட்டாவை அழிக்காமல் மாற்றித் தரும். அவசரப்பட்டு மாற்றிவிட்டீர்களென்றால் திரும்ப "லெகசி"யை வையுங்கள், பழையபடி பூட் ஆகும்.

48 எண்கள்

எல்லாவற்றிலும் கொடுமையான தவறு இதுதான். விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள பல மடிக்கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்கில் இருப்பதைச் சங்கேதமாக்கிப் பூட்டும் வசதி) தானாகவே ஆன் ஆகியிருக்கும். டிஸ்க் பூட்டப்பட்டிருப்பதே நமக்குத் தெரியாது, டி.பி.எம். பின்னாலிருந்து சத்தமில்லாமல் திறந்துவிட்டுக்கொண்டிருக்கும். நீங்கள் பயாஸை அப்டேட் செய்தாலோ, டி.பி.எம்., செக்யூர் பூட் அமைப்பை மாற்றினாலோ அதற்குச் சந்தேகம் வந்துவிடும். அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது இல்லாமல் உள்ளே இருப்பதை எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது.

அந்தக் கீ வழக்கமாகக் கணினியைத் தொடங்கியபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். எந்தக் கணக்கு என்பதுதான் நம் ஊரில் கேள்வி. வாங்கிய அன்று கடைப் பையன் அவசரத்துக்கு ஒரு மின்னஞ்சலை உருவாக்கி "ரெடி சார்" என்று கொடுத்திருப்பார். அல்லது இப்போது வெளியூரில் வேலை பார்க்கும் மகளின் கல்லூரிக்கால மின்னஞ்சலாக இருக்கும். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைத் தேடிப் பிடியுங்கள். கணக்குப் பக்கத்தில் டிவைஸஸ் பகுதியில் கீ கிடைக்கும். அதைத் தாளில் எழுதி வையுங்கள். அதே மடிக்கணினியில் நோட்பேடில் சேமிப்பதால் என்ன பயன் என்று நான் சொல்லத் தேவையில்லை. பயாஸில் கை வைக்கும் முன் என்கிரிப்ஷனை ஆஃப் செய்துவிடுவது இன்னும் நிம்மதி.

"டி டிரைவ்ல இருக்கறது அப்படியே இருக்கும்"

ஃபார்மேட் அடித்து (டிரைவைத் துடைத்து) விண்டோஸ் போட்டுத் தரும் கடையில் தவறாமல் கேட்கும் வசனம் இது. பொய்யும் இல்லை. ஃபார்மேட் அடித்தால் சி டிரைவ் போகும், டி டிரைவ் தங்கும். சிக்கல் என்னவென்றால், நம் வாழ்க்கை முழுக்க சி டிரைவில்தான் கிடக்கிறது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே அதற்குள்தான். டெஸ்க்டாப்பில் "புதுசு", "புதுசு 2" என்று ஃபோல்டர் போட்டு ஆதார் நகல் முதல் கல்யாண ஃபோட்டோ வரை வைத்திருப்பவர் "டி டிரைவ் இருக்கே" என்று தலையாட்டிவிட்டு வருகிறார். குரோமில் கணக்கு எதுவும் இணைக்காமல் சேமித்த பாஸ்வேர்டுகளும் அதோடு போய்விடும். டேலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருந்தால், நிறுவும்போது யாரும் மாற்றாத வரை அதன் டேட்டாவும் சி-க்குள்தான். அதை பேக்கப் எடுப்பதோடு லைசன்ஸையும் டேலியிலேயே சரண்டர் செய்துவிட்டே (இந்தக் கணினியிலிருந்து விடுவித்துவிட்டே) ஃபார்மேட்டுக்குச் சம்மதியுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கடிதங்களும் பத்திரங்களும் ஃபார்மேட்டுக்குப் பிறகு புரியாத ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். ஃபைல் கெடவில்லை, எழுத்துருதான் இல்லை. விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை முன்கூட்டியே பென்டிரைவில் நகலெடுத்திருந்தால் இரண்டு நிமிட வேலை.

இத்தனைக்கும் 10-இலிருந்து 11-க்கு மாற ஃபார்மேட்டே தேவையில்லை. விண்டோஸ் அப்டேட் வழியாகப் போனால் ஃபைல், செயலி, எழுத்துரு எல்லாம் இருந்த இடத்தில் இருக்கும். ஒரிஜினல் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் புதிய லைசன்ஸும் வாங்க வேண்டாம். 32 பிட் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் மட்டும் புதிதாகத்தான் போட்டாக வேண்டும், ஏனென்றால் 11-இல் 32 பிட் கிடையாது. இருந்தாலும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் பேக்கப் எடுக்காமல் தொடங்காதீர்கள். ஒன்டிரைவை நம்பினால், இலவசமாகக் கிடைப்பது 5 ஜி.பி.தான் என்பது நினைவிருக்கட்டும்.

சில்லறை விஷயங்கள்: ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் தொடங்க வேண்டாம், இறங்குவது பல ஜி.பி.; ஒரு நாள் டேட்டா பாதியிலேயே தீரும். பேட்டரி செத்த மடிக்கணினியை யு.பி.எஸ். இல்லாமல் அப்கிரேடு செய்ய வேண்டாம். பட்டியலில் இல்லாத கணினியில் குறுக்கு வழியில் 11 ஏற்றும் வீடியோக்கள் ஏராளம். அப்படி ஏற்றினால் அப்டேட் வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. பரணில் கிடக்கும் கணினியில் விளையாடிப் பாருங்கள், வங்கிக் கணக்கு திறக்கும் கணினியில் வேண்டாம். அப்புறம், 4 ஜி.பி. ரேமும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கும் உள்ள கணினியில் 11 ஏறும், ஆனால் நகராது. முதலில் எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) போடுங்கள்.

ஏறிய பிறகு

பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடலாம். செட்டிங்ஸில் ரெக்கவரி பக்கத்தில் "கோ பேக்" இருக்கும். பழைய விண்டோஸ் முழுதும் சி டிரைவில் "விண்டோஸ்.ஓல்டு" என்ற ஃபோல்டரில் காத்திருக்கிறது. சி டிரைவ் இடம் நிறைந்து சிவப்பாகிவிட்டதே என்று மறுநாளே அதைத் துடைத்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.

அந்த 10 நாளில் தினமும் தேவைப்படாத சாதனங்களையும் சோதித்துவிட வேண்டும். பழைய பிரின்டர், ஸ்கேனர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் ஆகியவற்றின் டிரைவர்தான் (சாதனத்தை இயக்கும் மென்பொருள்) முதலில் தகராறு செய்யும். மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-3பி (ஜி.எஸ்.டி. வரிக் கணக்குப் படிவம்) தாக்கல் செய்பவர் 18-ஆம் தேதி அப்கிரேடு செய்வது வம்பை விலைக்கு வாங்குவது. தாக்கலை முடித்துவிட்டு 21-ஆம் தேதி தொடங்கினாலும், அடுத்த தாக்கல் வரும்போது 10 நாள் கெடு தாண்டியிருக்கும். அதனால் வேலை இல்லாவிட்டாலும் டோக்கனைச் செருகி ஒரு முறை போர்ட்டலில் நுழைந்து பாருங்கள், பிரின்டரில் ஒரு பக்கம் அடித்துப் பாருங்கள். எல்லாம் ஓடினால் ஸ்டோரேஜ் பக்கத்தில் போய்ப் பழைய விண்டோஸை நீக்கிவிடலாம், அது அடைத்திருந்த இடம் திரும்பக் கிடைக்கும்.