தொடக்கப்பள்ளி வகுப்புக்கு வாட்ஸ்அப்: எப்படி அமைப்பது?

பிள்ளைகளிடம் சொந்த போன் இருக்காது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் அப்பா வேலை முடிந்து வந்த பிறகுதான் கைக்குக் கிடைக்கும். அதனால் ஆன்லைனில் கொடுக்கும் வீட்டுப்பாடத்துக்கு இரண்டு நாளாவது அவகாசம் கொடுங்கள்.

குழு தொடங்கியதும் அமைப்புகளுக்குப் போய், செய்தி அனுப்பும் உரிமையை அட்மின்களுக்கு மட்டும் என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் தேர்வுத் தேதி புதைந்துபோகும். சந்தேகங்களைத் தனிச் செய்தியில் கேட்கச் சொல்லுங்கள்.

சாதாரணக் குழுவில் ஒருவர் எண் மற்ற எல்லாருக்கும் தெரியும். அம்மாக்கள் பலர் சேரத் தயங்குவது இதனால்தான். அந்தத் தயக்கம் முழுக்க நியாயமானது. அப்படிப்பட்ட வகுப்புக்கு பிராட்காஸ்ட் பட்டியலே நல்லது: நீங்கள் அனுப்பும் ஒரே செய்தி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போகும், ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். "எங்களுக்கு எதுவும் வரலையே டீச்சர்" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பெற்றோர் கூட்டத்திலேயே எண்ணைச் சேமிக்க வைத்து, ஒரு சோதனைச் செய்தி அனுப்பி, இரண்டு டிக் விழுகிறதா என்று பாருங்கள்.

படிக்கச் சிரமப்படும் பெற்றோருக்குக் குரல் பதிவு அனுப்புங்கள்: "பக்கம் 42, மூன்றாவது கணக்கு, கட்டம் போட்ட நோட்டில்." அரை நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். கரும்பலகையைப் படமெடுத்து அனுப்பும்போது, வெளிச்சம் பட்டுப் பளபளத்தால் சற்றுப் பக்கவாட்டில் நின்று எடுங்கள்.

மதிப்பெண்ணை அந்தந்த வீட்டுக்கு மட்டும் அனுப்புங்கள். போன் இல்லாத பிள்ளைக்கு அதே செய்தியை அன்றைக்கே டைரியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.