ஆறு கோழிகளுக்கு ஒரு கூடு: கொல்லைப்புறத்தில் கட்டிப் பராமரிக்கும் முறை

கோழிக்கூடு கட்ட நினைப்பவர்கள் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் நின்றுகொண்டுதான் திட்டம் போடுகிறார்கள். கோழியோ பகலெல்லாம் வெளியே மேய்ந்துவிட்டு, இருட்டத் தொடங்கிய பிறகே கூட்டில் அடைகிறது. இரவில் உள்ளே என்ன நடக்கும் என்பதைப் பற்றிச் சிறிதும் யோசிக்காமல் நான் கட்டிய முதல் கூட்டை ஒரே ஆண்டில் இரண்டு முறை பிரித்துக் கட்ட நேர்ந்தது. மூன்றாம் முறை கட்டியதையே இங்கே விவரிக்கிறேன். மரத்தை அளந்து அறுக்கவும், திருகாணி முடுக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அளவும் சட்டமும்

கூட்டின் உள்ளே கோழி ஒன்றுக்கு 4 சதுர அடியும், வலையடித்த வெளி முற்றத்தில் 10 சதுர அடியும் வேண்டும். ஆறு கோழிகளுக்கு 4 அடி அகலமும் 6 அடி நீளமும் உள்ள தளம் போதுமானது. தளத்தைக் கால்களின் மேல் இரண்டடி உயர்த்தி அமைத்தால் மழைநீர் ஏறாது. அடியில் எலி வளை தோண்டினாலும் உடனே கண்ணில் பட்டுவிடும். கூரையைத் தளத்திலிருந்து முன்பக்கம் 6 அடி, பின்பக்கம் 5 அடி உயரத்தில் சாய்வாக வைத்து, நான்கு பக்கமும் சுவரைத் தாண்டி ஓரடி நீட்டிவிடுங்கள். கதவு, கையில் மண்வெட்டியோடு நீங்கள் குனிந்து நுழையும் அளவுக்கு அகலமாக இருக்கட்டும். கோழி நுழையும் அளவுக்கு மட்டும் கதவு வைத்தவர்கள் பின்னால் கூட்டைச் சுத்தம் செய்வதையே விட்டுவிடுகிறார்கள்.

வலை

அறுகோணக் கண் கொண்ட மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமே தவிர, உள்ளே வர நினைக்கும் விலங்கைத் தடுக்காது. நான் அந்த வலையைத்தான் வாங்கி, ஸ்டேப்ளர் ஊசியால் சட்டத்தில் அடித்திருந்தேன். ஒரு நாள் காலையில் கீழ் மூலையில் வலை உட்பக்கமாக மடங்கிக் கிடந்தது. பிடுங்கப்பட்ட ஊசிகள் ஏழெட்டு தரையில் சிதறியிருந்தன. இரண்டு கோழிகளைக் காணவில்லை. அரை அங்குலக் கண் கொண்ட, கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வெல்டு மெஷ் வலையைத் தவிர வேறெதையும் இப்போது நான் பரிந்துரைப்பதில்லை. அதை ஊசியால் அடிக்காமல், அகலமான வாஷர் வைத்துத் திருகாணியால் அரையடிக்கு ஒன்றாக முடுக்க வேண்டும். வலையை வெட்டச் சாதாரணக் குறடு போதாது. தகரம் வெட்டும் கத்தரி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், விரல்கள் தப்பும்.

தோண்டி வரும் விலங்குக்காக வலையை ஆழமாகப் புதைக்க வேண்டும் என்பார்கள். அதைவிட, ஒன்றரையடி அகலமுள்ள வலைத் துண்டைச் சுவரடியிலிருந்து வெளிப்புறமாகத் தரையோடு விரித்து, முளையடித்து, மேலே மண் தூவிவிடுவது எளிது. சுவரை ஒட்டித் தோண்டத் தொடங்கும் விலங்குக்குக் காலடியிலேயே வலை தட்டுப்படும். பின்னால் தள்ளி நின்று தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றுவதில்லை. கதவுத் தாழ்ப்பாளோடு, சுருள்வில் வைத்த கொக்கி ஒன்றையும் மாட்டுங்கள்.

காற்று: நான் சறுக்கிய இடம்

இரண்டு கோழிகளைப் பறிகொடுத்த அச்சத்தில், அடுத்த முறை கூட்டில் இருந்த எல்லா இடைவெளிகளையும் பலகை வைத்து அடைத்துவிட்டேன். எதுவும் உள்ளே வரவில்லை. ஆனால் சில வாரங்களில், காலையில் கதவைத் திறந்ததும் கண் எரியத் தொடங்கியது. தகரக் கூரையின் உட்புறத்தில் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. கோழிகளின் கண்ணோரத்தில் நுரை கட்டித் தும்மல் தொடங்கியது. குளிர்தான் காரணம் என்று முடிவுகட்டி, மிச்சமிருந்த ஒரே சந்திலும் சாக்கைத் தொங்கவிட்டேன். நிலைமை இன்னும் மோசமானது.

உண்மையில் நடந்தது இதுதான். கோழி இரவு முழுவதும் மூச்சில் ஈரத்தை வெளிவிடுகிறது. எச்சத்திலும் பெரும்பகுதி நீரே. அந்த ஈரத்தில் நுண்ணுயிர்கள் எச்சத்தைச் சிதைக்கும்போது அம்மோனியா எழுந்து, கண்ணையும் மூச்சுக்குழலையும் அரிக்கிறது. உங்கள் மூக்கில் நெடி ஏறுகிறது என்றால், இரவு முழுவதும் அதிலேயே உட்கார்ந்திருந்த கோழிக்கு அது எப்போதோ அளவு மீறிவிட்டது என்று பொருள். காற்று ஓடட்டும், ஆனால் உறங்கும் கோழியின் மேல் நேராக வீசக் கூடாது. எனவே இரண்டு நீளச் சுவர்களிலும், உறங்கும் கோழிகளின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டினாற்போல் திறப்புகளை விட்டு, அவற்றைப் பலகையால் அடைக்காமல் அதே வெல்டு மெஷ்ஷால் மூடுங்கள். கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடித் திறப்பு என்பதைக் குறைந்த அளவாகக் கொள்ளலாம். சாரல் உள்ளே வராமல் பார்த்துக்கொள்ளத்தான் கூரையை ஓரடி நீட்டச் சொன்னேன்.

கட்டி முடித்ததும், காற்றடிக்கும் மாலை ஒன்றில் புகையும் ஊதுபத்தியைக் கோழி உட்காரும் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். புகை மெல்ல மேலேறித் திறப்பு வழியே நழுவினால் சரி. பக்கவாட்டில் அடித்துச் சென்றால், கீழே எங்கோ ஒரு சந்து இருக்கிறது, அதைத் தேடி அடைக்க வேண்டும். வெப்பமான பகுதியில் வாழ்பவர்கள் ஒரு பக்கச் சுவரையே முழுக்க வலையாக விடலாம். வியர்வைச் சுரப்பி இல்லாத கோழி, அலகைத் திறந்து மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

உள் அமைப்பு

கோழிகள் உட்கார 2 அங்குல அகலமுள்ள கட்டையை, விளிம்புகளை இழைத்து, கூட்டின் தளத்திலிருந்து இரண்டரையடி உயரத்தில் பொருத்துங்கள். கோழி ஒன்றுக்கு 10 அங்குலம் என்று கணக்கிட்டால், 6 அடி நீளக் கட்டை ஒன்றே போதும். முட்டையிட, நீளம், அகலம், உயரம் மூன்றும் 12 அங்குலம் கொண்ட பெட்டிகள் இரண்டு வேண்டும். பெட்டி எப்போதும் கட்டையைவிடத் தாழ்வாகவே இருக்கட்டும். உயரமான இடத்தில் உறங்குவதே கோழியின் இயல்பு, பெட்டி உயரமாக இருந்தால் அதிலேயே உறங்கி முட்டையை எச்சத்தில் புரட்டிவிடும்.

தரையில் உமியோ மரச்சீவலோ நான்கு அங்குலம் பரப்புங்கள். ஒரு பிடி அள்ளி இறுக்கிவிட்டு விரலைத் திறந்தால் அது தளர்ந்து உதிர வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி, கிளறிவிட்டு உலர்ந்த உமியைச் சேர்க்க வேண்டும். ஈரத்துக்குப் பெரும்பாலும் தண்ணீர்த் தொட்டியே காரணமாக இருக்கும். நான் திறந்த தொட்டியை ஒழித்துவிட்டு, கோழி அலகால் தட்டினால் சொட்டும் நிப்பிள் குழாய்க்கு மாறிவிட்டேன்.

அன்றாடப் பராமரிப்பு

புதிதாக வந்த கோழிகளை முதல் ஒரு வாரம் வெளியே விடாமல் கூட்டிலேயே வைத்திருந்தால், பிறகு மாலையில் தாமாகவே திரும்பி வந்துவிடும். முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 முதல் 120 கிராம் தீவனம் தின்னும். ஓட்டுக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்துக்காகக் கிளிஞ்சல் துகளைத் தீவனத்தோடு கலக்காமல் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளும். இராணிக்கேட் எனப்படும் வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பூசி அட்டவணையைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். குடிநீரில் கலந்து தரும் வகையாக இருந்தால், அந்த நீரில் குளோரின் இருக்கக் கூடாது.

வாரம் ஒரு முறை, நன்றாக இருட்டிய பிறகு டார்ச் விளக்கோடு கூட்டுக்குப் போங்கள். கோழிச் செள் பகலில் மர இடுக்குகளில் ஒளிந்திருந்து இரவில்தான் இரத்தம் குடிக்க வெளியே வரும். கட்டையின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைக்கும்போது சிவப்புக் கறை படிந்தால், கட்டையைக் கழற்றி அதன் இரு முனைகளையும், அவை பொருந்தும் குழிகளையும் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். இதற்காகவே நான் கட்டையை ஆணியால் அடிக்காமல், தூக்கி எடுக்கும்படி குழியில் அமர்த்துகிறேன்.

பிற்சேர்க்கை

இம்முறையில் கூடு கட்டிய இருவர் பிறகு வெவ்வேறு சிக்கல்களைச் சொன்னார்கள். ஒருவருடைய கட்டை, காற்றுத் திறப்புக்கு நேர் எதிரே அமைந்துவிட்டது; கூரை தாழ்வாக இருந்ததால் நேர்ந்த பிழை. கட்டையை ஓரடி இறக்கி, பெட்டிகளையும் அதற்கேற்ப இறக்கியதும் சரியாகிவிட்டது. மற்றொருவர் நேரம் குறித்துத் தானே மூடிக்கொள்ளும் கதவைப் பொருத்தியிருந்தார். பகல் நீண்டுகொண்டே போக, கடைசியாக வரும் கோழி வெளியே மாட்டிக்கொண்டது. அத்தகைய கதவு வைப்பவர்கள் வெளிச்சத்தை உணர்ந்து மூடும் வகையை வாங்குவது நல்லது. அப்படி வாங்கினாலும், கதவு மூடியதும் ஒரு முறை போய், கட்டையில் ஆறு கோழிகளும் இருக்கின்றனவா என்று எண்ணிவிட்டு வாருங்கள்.