"இதே வாதம் என் கடவுளுக்கும் பொருந்துமே!": விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடவுள் உண்டு என்பதற்கு ஒருவர் ஒரு வாதத்தை வைத்ததும், "பெயரை மட்டும் மாற்றினால் இது எங்கள் கடவுளுக்கும் பொருந்துமே" என்று மற்றவர் கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலும் இரு தரப்பும் அதற்குப் பிறகுதான் தடம் மாறுகிறார்கள்.

வாதம் எதுவரை போகிறது என்று பார்க்காமல் அதற்கு அப்பால் தாவுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு, தொடங்கிய எதற்கும் ஒரு காரணம் உண்டு, ஆகவே உலகத்துக்கும் உண்டு என்று 11ஆம் நூற்றாண்டில் வலுவாக வாதிட்டவர் இஸ்லாமிய அறிஞர் அல் கஸ்ஸாலி. 1979இல் அதே வாதத்துக்குப் புத்துயிர் கொடுத்தவர் வில்லியம் லேன் கிரெய்க் என்ற கிறிஸ்தவத் தத்துவவாதி. உலகத்தைத் தோற்றுவித்த, தொடக்கமற்ற ஒன்று உண்டு என்பது வரை இருவரும் சேர்ந்தே நடக்கலாம். அந்த ஒன்று கிறிஸ்தவர் சொல்லும் திரித்துவமா (தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவராய் இருக்கும் ஒரே கடவுள்) அல்லாஹ்வா என்பதற்கு அந்த வாதத்தில் விடை இல்லை. கிரெய்க் அதனால்தான் இயேசுவின் உயிர்த்தெழுதலுக்குத் தனியாக வரலாற்று ஆதாரம் காட்ட முயல்கிறார். இப்படிப் பல மதங்களுக்கும் பொதுவாக இருப்பதாலேயே முதல் வாதம் செல்லாது என்று சொல்வதும் தவறு. பாதி வழி போகும் வாதம் பொய்யான வாதம் ஆகிவிடாது.

எந்தப் பெயரையும் போடலாம் என்ற நினைப்பும் சரியல்ல. கிரேக்கரின் ஜீயஸை இங்கே பொருத்த முடியாது. அவர் குரோனஸுக்குப் பிறந்தவர், அவருக்கே தொடக்கம் உண்டு. சிவனைப் பொருத்தலாமா? 'பிறவா யாக்கைப் பெரியோன்' என்று சிலப்பதிகாரம் சொல்வதால் அந்த இடம்வரை தடையில்லை. ஆனால் அல் கஸ்ஸாலியின் முடிவு, இறைவன் உலகத்தை இல்லாமையிலிருந்து படைத்தான் என்பது. சைவ சித்தாந்தத்தில் மாயை என்ற மூலப்பொருளுக்குத் தொடக்கமே இல்லை. குடத்துக்கு மண் போல மாயை, குயவன் போல இறைவன். 'பதியினைப் போல்பசு பாசம் அனாதி' என்கிறது திருமந்திரம்: இறைவனைப் போலவே உயிருக்கும், மாயை உள்ளிட்ட தளைகளுக்கும் தொடக்கம் இல்லை. அந்த வாதத்தை முழுதாகக் கடன் வாங்கும் சைவர் தம் சித்தாந்தத்தைக் கைவிட வேண்டிவரும்.

சைவருக்குச் சொந்த வாதம் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தின் அடிப்படை நூலான சிவஞானபோதத்தின் முதல் நூற்பா, தோன்றி நின்று ஒடுங்கும் உலகம் எதில் ஒடுங்கியதோ அதிலிருந்துதான் மீண்டும் தோன்ற வேண்டும், ஆகவே ஒடுக்குபவனே, அதாவது சிவனே, முதல்வன் என்று போகிறது. படைப்பவனையோ காப்பவனையோ அந்த இடத்தில் வைத்தால் வாதம் நிற்காது. ஏதோ ஒரு கடவுள் உண்டு என்பதோடு நிற்காமல், எந்தக் கடவுள் என்பதையும் சேர்த்தே நிறுவப் பார்க்கும் இந்தக் கட்டமைப்பு எனக்கு வியப்பு தருகிறது.

பெயர் மாற்றம் உண்மையிலேயே காயப்படுத்தும் வாதங்களும் உண்டு. 'கடவுள் இருந்தால் நம்பியவருக்கு எல்லையற்ற லாபம், இல்லாவிட்டால் பெரிய நட்டமில்லை' என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கலின் பந்தயத்தை ஓர் இமாமும் அப்படியே சொல்லலாமே என்று இன்னொரு பிரெஞ்சுச் சிந்தனையாளர் திதெரோ கேட்டார். அதற்குப் பதில் சொல்லாமல் அந்தப் பந்தயத்தை யாரிடமும் வைக்காதீர்கள். அற்புதங்களும் அப்படித்தான். நம் கோயில் அற்புதத்துக்குச் சாட்சியின் சொல் போதும் என்றால், அடுத்தவர் தேவாலயத்துக்கும் தர்காவுக்கும் அது போதும்.

கடைசியாக, வாதத்தை மறுப்பவரை உடனே நாத்திகர் என்று முத்திரை குத்துவது. உலகம் செய்யப்பட்ட பொருள், ஆகவே செய்தவன் ஒருவன் உண்டு என்று அனுமானித்த (தெரிந்ததிலிருந்து தெரியாததை ஊகித்து அறிந்த) நியாய மரபினரை, இந்தியத் தர்க்க மரபினரை, பிரம்மசூத்திரத்துக்குத் தாம் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் மறுத்தவர் ராமானுஜர். எல்லாமே ஒரே காலத்தில் ஒருவனால் செய்யப்பட்டது என்பதற்கு என்ன ஆதாரம், வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு பேர் செய்திருக்கலாமே, நாம் பார்க்கும் குயவனுக்கு உடல் இருக்கிறதே, அப்படியானால் உலகத்தைச் செய்தவனுக்கும் உடல் வேண்டாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டையும் கப்பலையும் பலர் கூடிக் கட்டுவதுபோல் உலகத்தையும் பல தெய்வங்கள் சேர்ந்து செய்திருக்கக் கூடாதா என்ற கேள்வி ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் எழுதி 1779இல் வெளியான, இயற்கைச் சமயம் பற்றிய உரையாடல் நூலிலும் வருகிறது. ஹியூமைப் படித்தவர்களில் பலர் அதை மத எதிர்ப்பாக மட்டுமே பார்க்கிறார்கள். ராமானுஜரோ நாராயணனே பரம்பொருள் என்பதில் துளியும் ஐயமில்லாதவர். அவனை அறிய வேதமே வழி, அனுமானம் அல்ல என்று காட்டவே அவ்வளவு கேள்விகளையும் அடுக்கினார்.