மதிப்பெண் இருந்தும் நர்சிங் சீட்டைக் கோட்டைவிடுவது எப்படி?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் எங்கள் தெருவில் இரண்டு மூன்று பேராவது வீட்டுக்கு வந்துவிடுவார்கள். "அக்கா, பாப்பாவை நர்சிங்ல சேர்க்கலாம்னு இருக்கோம், என்ன பண்ணணும்?" ஆஸ்பத்திரி வார்டிலேயே பாதி ஆயுள் கழிந்தவள் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்த வாரத்தில் கேட்பதே கொஞ்சம் தாமதம் என்பதை எப்படிச் சொல்வது என்றுதான் எனக்குத் தெரிவதில்லை.

நர்சிங் சீட்டுக்கு நம் ஊரில் இப்போது நல்ல போட்டி. மதிப்பெண் குறைவாக இருந்து சீட்டு கிடைக்காமல் போனால் அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. மதிப்பெண் இருந்தும் போகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல். நான் பார்த்தவரையில் அப்படிப் போவது பெரும்பாலும் தேதியிலும் காகிதத்திலும்தான்.

"ரிசல்ட் வரட்டும், பார்த்துக்கலாம்"

தமிழ்நாட்டு அரசு ஒதுக்கீட்டு பி.எஸ்சி. நர்சிங் இடங்களுக்கு பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழு விண்ணப்பம் வாங்கி, தரவரிசைப் பட்டியல் போட்டு, கலந்தாய்வு நடத்துகிறது. இது ரிசல்ட்டுக்குப் பிறகுதான் தொடங்கும். அதனால் எல்லாமே அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

எய்ம்ஸ் நடத்தும் பி.எஸ்சி. ஆனர்ஸ் நர்சிங்குக்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. அதற்கான பதிவு ரிசல்ட்டுக்கு முன்பே தொடங்கிவிடும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றோடு பொது அறிவுக் கேள்விகளும் வரும், தப்பான விடைக்கு மதிப்பெண் குறைப்பார்கள். டெல்லி எய்ம்ஸில் இந்தப் படிப்பு பெண்களுக்கு மட்டும். வேலூர் சி.எம்.சி.க்கும் விண்ணப்பம் தனி. 1946இல் இந்தியாவில் நர்சிங் பட்டப்படிப்பு முதன்முதலாகத் தொடங்கிய இடங்கள் டெல்லியும் வேலூரும்தான். அவ்வளவு பழைய கல்லூரி பக்கத்து மாவட்டத்தில் இருந்தும், அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று தெரியாமல் கலந்தாய்வுப் பட்டியலில் அதன் பெயரைத் தேடிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நீட். "நர்சிங்குக்கு நீட் வேண்டாம்" என்பது பாதி உண்மை. மாநில ஒதுக்கீட்டுக்கு வேண்டாம், சரி. ஆனால் புதுச்சேரி ஜிப்மரில் நர்சிங் சேர நீட் மதிப்பெண் வேண்டும். ராணுவச் செவிலியர் பணிக்கான நான்கு வருடப் படிப்புக்கும் அப்படியே. புனே, கொல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூரு ஆகிய ஊர்களில் உள்ள ஆறு கல்லூரிகளில் சேர்த்து 220 இடங்கள், மணமாகாத பெண்களுக்கு. நீட் எழுதினால் மட்டும் போதாது, ராணுவத்தின் தளத்தில் தனியாகவும் விண்ணப்பிக்க வேண்டும். டாக்டர் ஆசையில் நீட் எழுதி, 'தேறவில்லை' என்று அந்த மதிப்பெண் அட்டையை அலமாரிக்குள் போட்டுவிடுகிற பிள்ளைகள் இதையும் ஒரு தடவை பார்க்கலாம்.

மாநிலத்துக்குள்ளேயும் ஒரு குழப்பம் இருக்கிறது. பட்டப்படிப்புக்கு ஒரு விண்ணப்பம். செவிலியர் பட்டயப் படிப்புக்கு, அதாவது மூன்று வருட டிப்ளமோவுக்கு, வேறு விண்ணப்பம், வேறு தேதி. ஒன்றைப் போட்டால் இன்னொன்றும் தானாகச் சேர்ந்துவிடும் என்று நம்பி டிப்ளமோவைக் கோட்டைவிட்டவர்கள் நிறைய. டிப்ளமோவைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. அதைப் படித்துக் கொஞ்ச நாள் வேலை பார்த்த பிறகு இரண்டு வருடப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்துப் பட்டம் வாங்கியவர்கள் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே உண்டு.

குரூப்பும் கட்-ஆஃபும்

இது பிளஸ் ஒன்னிலேயே நடக்கிற தவறு, பிறகு திருத்தவே முடியாது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் நான்கும் படித்திருக்க வேண்டும். உயிரியல் இல்லாத கணினி அறிவியல் குரூப் எடுத்த பிள்ளைக்குக் கணக்கில் நூறு இருந்தாலும் வழி கிடையாது. உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாகப் படித்தவர்களுக்குப் பிரச்சினை இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி இந்த அறிவியல் பாடங்களில் கூட்டாக 45 சதவீதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40. இது விண்ணப்பிக்கத் தகுதி மட்டுமே. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கும் மதிப்பெண் இதைவிட எங்கேயோ மேலே இருக்கும்.

"மொத்தம் 520 வாங்கியிருக்கா" என்று பெற்றோர் சொல்வார்கள். மொத்தத்தை யாரும் பார்ப்பதில்லை. தரவரிசைக்கு எடுக்கும் கட்-ஆஃப் மதிப்பெண் 200க்கு. அதில் உயிரியலுக்கு 100, இயற்பியலும் வேதியியலும் 50, 50. தமிழில் வாங்கிய 98 இங்கே உதவாது. நர்சிங்தானே, பயாலஜி போதும் என்று இயற்பியலைக் கைகழுவிய பிள்ளைகள் தரவரிசையில் சில ஆயிரம் பேருக்குப் பின்னால் போய் நிற்கிறார்கள்.

வயதும் ஒரு விஷயம். சேரும் வருடம் டிசம்பர் 31க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். 2026இல் சேருகிறவர் 2009 டிசம்பர் 31க்குள் பிறந்திருக்க வேண்டும். சீக்கிரமே பள்ளியில் போட்டுவிட்ட பிள்ளைகளின் பெற்றோர் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

இனிஷியல், போன் நம்பர், பிரவுசிங் சென்டர்

என்னைக் கேட்டால் இந்தப் பகுதிதான் முக்கியம். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

நம் பெயர்களில் உள்ள சிக்கல் நம் பெயர்களுக்கே உரியது. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கவிதா மு'. ஆதாரில் 'கவிதா முருகேசன்'. சாதிச் சான்றிதழில் 'மு. கவிதா'. வங்கிப் புத்தகத்தில் வெறும் 'கவிதா'. நமக்கு நாலும் ஒரே பிள்ளைதான். கணினிக்கு நாலு பேர். சரிபார்ப்பின்போது ஒரு ஊழியர் பெரிய மனது பண்ணி விட்டுவிடலாம், இன்னொருவர் விடமாட்டார். விட்டாலும் இது நான்கு வருடம் கழித்து மறுபடி முளைக்கும். கவுன்சில் பதிவு, பாஸ்போர்ட், வெளிநாட்டுப் பதிவு என ஒவ்வொரு இடத்திலும் 'இவர்தான் அவர்' என்று அஃபிடவிட் எழுதிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ போகும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், மார்க் ஷீட்டில் உள்ளபடியே ஆதாரை இப்போதே மாற்றி வைத்துவிடுங்கள். ஆதாரை மாற்றுவது சுலபம். மார்க் ஷீட்டை மாற்றுவது அப்படியல்ல.

அடுத்தது போன் நம்பர். விண்ணப்பத்தைப் பிரவுசிங் சென்டரில் போடுகிறோம். அங்கே இருக்கும் தம்பி அவசரத்தில் தன் நம்பரையும் தன் மெயிலையும் போட்டுவிடுவான். கூட்டம் நிற்கிறது, அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் கலந்தாய்வு அழைப்பும் ஓ.டி.பி.யும் அவனுடைய போனுக்குத்தான் போகும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு இப்படித்தான் ஆனது. கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை உறுதிசெய்ய வேண்டிய கடைசி நாள் சாயங்காலம், கடையை அடைத்துவிட்டு அந்தத் தம்பி கல்யாண வீட்டுக்குப் போயிருந்தான். அவளுடைய அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு மண்டபம் மண்டபமாகத் தேடினார். உங்கள் நம்பர், உங்கள் மெயில், கடவுச்சொல் ஒரு நோட்டில். சேர்க்கை முடியும்வரை அந்த சிம்முக்கு ரீசார்ஜ் தீரக் கூடாது.

விருப்பப் பட்டியலில் நாலே நாலு கல்லூரி போடுவது இன்னொரு தவறு. 'கிடைத்தால் சென்னை, இல்லையென்றால் வேண்டாம்' என்று முடிவு செய்துவிட்டவர்களுக்கு அது சரி. மற்றவர்கள், போகத் தயாராக இருக்கும் கல்லூரிகள் எல்லாவற்றையும் விருப்ப வரிசையில் நிரப்ப வேண்டும். நிறையப் போட்டால் முதல் விருப்பம் கைநழுவும் என்று ஒரு வதந்தி உலவுகிறது. அப்படி எதுவும் இல்லை. மேலே இருந்துதான் பார்த்துக்கொண்டு வருவார்கள்.

சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வெளிமாநிலத்தில் படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்றிதழ், இவற்றை இ-சேவை மையத்தில் பரீட்சை முடிந்த கையோடு விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். ரிசல்ட் வந்த பிறகு ஊரே அங்கேதான் நிற்கும்.

"ஒரே வருஷத்துல நர்ஸ்"

பேருந்து நிலையச் சுவரில் ஒட்டியிருக்கும் அந்த நோட்டீஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பத்தாம் வகுப்பு பாஸோ ஃபெயிலோ, ஒரு வருடம், வேலை உறுதி. பட்டமளிப்பு உடையில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் போட்டோவும் இருக்கும்.

இந்தியாவில் நர்ஸாகப் பதிவு செய்துகொள்ளும் படிப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. துணைச் செவிலியருக்கான இரண்டு வருட ஏ.என்.எம்., மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோ, நான்கு வருட பி.எஸ்சி. இவற்றை முடித்தால் தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலில் பதிவு உண்டு. 1926ஆம் வருடச் சட்டத்தில் வந்த அமைப்பு அது. அந்தப் பதிவு இல்லாதவர் எத்தனை ஊசி போட்டாலும் சட்டப்படி நர்ஸ் இல்லை. அரசு ஆஸ்பத்திரி வேலைக்கான எம்.ஆர்.பி. தேர்வு எழுத முடியாது, வெளிநாடு போக முடியாது. சின்ன ஆஸ்பத்திரிகளில் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண், கைத்திறமையில் எங்களில் பாதிப் பேரைவிட மேல். நரம்பு கிடைக்காத குழந்தைக்கு அவளைத்தான் கூப்பிடுவோம். படித்தது ஓர் ஒரு வருட நிறுவனத்தில். பத்து வருடத்துக்குப் பிறகும் உதவியாளர் சம்பளம்தான் வாங்கினாள்.

ஆகவே எந்தக் கல்லூரியானாலும் கேட்க வேண்டியது, "முடித்தால் கவுன்சிலில் பதிவு ஆகுமா?" தமிழ்நாட்டில் பி.எஸ்சி. என்றால் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்போ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ இருக்க வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சிலின் தளத்தில் அந்த வருடப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பி.டி.எஃப்.பை நம்ப வேண்டாம். பக்கத்து மாநிலத்தில் இடம் வாங்கித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாக வேண்டும்.

தனியார் கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தையும் ஹாஸ்டலையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது அதன் ஆஸ்பத்திரியை. பி.எஸ்சி. நடத்தும் கல்லூரிக்கு 100 படுக்கை உள்ள சொந்த ஆஸ்பத்திரி வேண்டும் என்பது கவுன்சில் விதி. படுக்கை இருக்கும், நோயாளி இருக்கிறாரா? ஒரு வேலை நாளில் காலை பத்து மணிக்கு அந்த ஆஸ்பத்திரி ஓ.பி.யில் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். நோயாளியே இல்லாத இடத்தில் பிள்ளை பொம்மையை வைத்துத்தான் படித்துவிட்டு வரும்.

ஃபீஸ் என்று சொல்லும் தொகையில் சீருடை, பேருந்து, தேர்வுக் கட்டணம், கிளினிக்கல் (வார்டுப் பயிற்சி) கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்கும் முன் பத்து செட் நகல் எடுத்து, ஒரு ஸ்கேனும் வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணாக இருந்தால், சேர்ந்தவுடன் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய்க்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன்.

சீட்டு கிடைத்த பிறகு

இடம் உறுதியானதும் கல்லூரி திறக்கும்வரை தூங்கிக் கழிப்பது, பாவம், நியாயமான ஆசைதான். ஆனால் முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், சமூகவியல், உளவியல், நர்சிங் அடிப்படைகள் என்று எல்லாம் ஆங்கிலத்தில் வந்து விழும். தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் முதல் மூன்று மாதம் அழுவதை வருடா வருடம் பார்க்கிறேன். பாடம் புரியாமல் அழுவதில்லை, உடலைப் பற்றியதெல்லாம் ஓரளவு பள்ளியிலேயே படித்ததுதான். சொல்தான் புதிது. தினமும் பத்துச் சொல் போதும்: எலும்புகளின் பெயர், உறுப்புகளின் பெயர், பக்கத்தில் தமிழ். திறக்கும் நாளுக்குள் ஐந்நூறு சொல் கையில் இருக்கும்.

வருகைப்பதிவு மற்றக் கல்லூரிகள் மாதிரி இருக்காது. வகுப்புக்கு 80 சதவீதம் வேண்டும். கிளினிக்கல் மணி நேரம் பட்டம் வாங்குவதற்குள் 100 சதவீதம் முடித்தாக வேண்டும். மாமா பையன் கல்யாணத்துக்கு மூன்று நாள் போனால் அந்த மூன்று நாளையும் பிறகு வார்டில் நின்று கழிக்க வேண்டும். இதைப் பிள்ளைக்கு மட்டுமில்லை, மாமாவுக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

முதல் வருடத்தில் ஊசியும் ஸ்டெதஸ்கோப்பும்தான் என்ற கனவோடு வருகிறவர்கள் ஏமாறுவார்கள். படுக்கை விரிப்பது, நோயாளிக்கு உடம்பு துடைத்துவிடுவது, பெட் பேன் வைப்பது, நாடித்துடிப்பு எண்ணுவது, இவைதான் தொடக்கம். "இதுக்கா படிக்க வெச்சோம்" என்று வீட்டில் ஒரு சத்தம் வரும். நினைவில்லாமல் கிடக்கும் ஒருவரைப் புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கத் தெரியாதவருக்கு ஐ.சி.யூ.வில் வேலையே இல்லை என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. வார்டுக்குள் போகும்முன் இரண்டாவது முறை ஊசி ஏறியிருக்க வேண்டுமென்றால் சீட்டு உறுதியான வாரமே தொடங்க வேண்டும். சின்ன வயதில் போட்டிருந்தால் அந்த அட்டையைத் தேடி எடுங்கள்.

அப்புறம், முதல் வார்டு டியூட்டி அன்று மயங்கி விழுகிற பிள்ளைகள் உண்டு. ரத்தத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள் என்று எல்லோரும் சொல்வார்கள். விசாரித்தால் முக்கால்வாசிப் பேர் அன்று காலையில் சாப்பிடாமல் வந்திருப்பார்கள். ஏழு மணி டியூட்டிக்கு ஆறு மணிக்கே இரண்டு இட்லி உள்ளே போகப் பழக்கிவிட்டு அனுப்புங்கள்.