சைட் இல்லாத வில்லில் அம்புகளை ஒரே இடத்தில் சேர்ப்பது எப்படி?

நீள வில்லான லாங்போ, முனைகள் முன்பக்கம் வளைந்த ரிகர்வ், நம் நாட்டுப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்டு’ பிரிவுக்கு எடுத்துப்போகும் மூங்கில் வில் எதுவானாலும், சைட் (வில்லில் பொருத்தும் குறிபார்க்கும் கருவி) இல்லாமல் எய்யப் பழகுபவர்கள் முதலில் கேட்பது “எப்படிக் குறி பார்ப்பது?” என்பதுதான். கொஞ்ச நாளைக்கு அந்தக் கேள்வியைத் தள்ளி வையுங்கள். உடம்பு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வேலை செய்தால் அம்புகள் தாமாக ஒரே இடத்தில் சேரும். சேர்ந்த கூட்டத்தை நடுவுக்கு நகர்த்துவது சின்ன வேலை.

இங்கே சொல்வது மூன்று விரலால் நாணை இழுக்கும் முறை, வலக்கைக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் இழுக்கும் ஜப்பானிய, கொரிய முறைகளுக்கு இது பொருந்தாது.

1. வில்லின் கனம்

கனம் என்பது வில்லின் எடை அல்ல, நாணை இழுக்கத் தேவையான விசை. பெரியவர்கள் 20 முதல் 25 பவுண்டில் தொடங்கினால் போதும். வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு 28 அங்குலம் இழுக்கும்போது வருவது; உங்கள் இழுப்பு அதைவிடக் குறைவானால் கையில் வரும் கனமும் குறையும். முழுதாக இழுத்து ஏழெட்டு விநாடி நடுங்காமல் பிடிக்க முடியவில்லையா? அந்த வில் இப்போதைக்கு வேண்டாம். கனமான வில்லில் கற்ற தப்பான பழக்கத்தைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு.

அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை வில்லுக்கே திரும்பிப் போய் வில் உடையலாம். நாணேற்ற, அதற்கென்றே உள்ள கயிறான ஸ்ட்ரிங்கரைப் பயன்படுத்துங்கள். முன்கையைக் காக்கும் ஆர்ம் கார்டும் நாண் இழுக்கும் விரல்களைக் காக்கும் ஃபிங்கர் டேப்பும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

2. நிற்பது, பிடிப்பது

இலக்குக்குப் பக்கவாட்டில், தோள் அகலத்துக்குக் கால்களை வைத்து நில்லுங்கள். இரண்டு காலிலும் எடை சமமாக இருக்கட்டும். பாதம் நிற்கும் இடத்தில் தரையில் கோடு போட்டுக்கொண்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நிற்கலாம்.

வில்லை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதை மேட்டில் கைப்பிடி அழுந்தினால் போதும். விரல்கள் தளர்வாக இருக்கட்டும். வில் பிடிக்கும் இடது முழங்கையின் உள்மடிப்பு வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பியிருந்தால் நாண் முன்கையில் அடிக்காது.

3. இழுப்பது

நாண் விரல்களின் முதல் மூட்டு மடிப்பில் கொக்கி போல மாட்டட்டும். அம்புக்கு மேலே ஒரு விரல், கீழே இரண்டு. மேல்விரலும் நடுவிரலும் அம்பை நெருக்கிக் கவ்வினால் அம்பு வில்லைவிட்டு விலகி விழும். நிறையப் பேருக்கு இது நடக்கும். நடுவில் சின்ன இடைவெளி விடுங்கள்.

இழுக்கும் வேலை கையுடையது அல்ல, முதுகுடையது. வலது முழங்கையைப் பின்னால் கொண்டுபோகிறோம் என்று நினைத்து இழுங்கள். முழு இழுப்பில் அம்பும் வலது முன்கையும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். தோள்கள் காதை நோக்கி ஏறக் கூடாது.

4. ஆங்கர்

நிதானமாகக் கற்க வேண்டிய இடம் இதுதான். முழு இழுப்பில் கை முகத்தில் வந்து தங்கும் புள்ளியை ஆங்கர் என்கிறோம். சைட் இல்லாத வில்லில் அம்பின் வால் முனை உங்கள் கண்ணுக்குக் கீழே எங்கே இருக்கிறது என்பதுதான் பின்பக்க சைட். அது நகர்ந்தால் குறியும் நகரும்.

கணக்கு போட்டுப் பாருங்கள். 71 செ.மீ. அம்பின் வால் முனை வெறும் 5 மி.மீ. இறங்கினால் 18 மீட்டர் தூரத்தில் அம்பு சுமார் 12 அல்லது 13 செ.மீ. மேலே போய்விடும். உள்ளரங்குப் போட்டியின் 40 செ.மீ. இலக்கில் நடு மஞ்சளுக்குப் போக வேண்டிய அம்பு கறுப்பு வளையத்தில் குத்தும்.

அதனால் இரண்டு தொடுபுள்ளிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஆள்காட்டி விரலின் நுனி வாயோரத்தைத் தொடட்டும். கட்டைவிரல் கணு தாடை எலும்புக்குப் பின்னால் போய் உட்காரட்டும். இரண்டும் தொட்டால்தான் ஆங்கர். ஒன்று தொடவில்லை என்றால் அம்பை விடாமல் மெதுவாக இறக்கிவிடுங்கள். கையை முகத்துக்குக் கொண்டுவாருங்கள், முகத்தைக் கையை நோக்கிக் கொண்டுபோகாதீர்கள்.

5. நிறுத்துவது, விடுவது

இங்கிலாந்தின் ரோஜர் ஆஸ்கம் 1545-இல் வில்வித்தையை ஐந்தாகப் பிரித்தார்: நிற்பது, பூட்டுவது, இழுப்பது, நிறுத்திப் பிடிப்பது, விடுவது. இன்று நான் பார்க்கும் புதியவர்கள் அவசரத்தில் விழுங்கிவிடுவது அந்த நான்காவதைத்தான். ஆங்கரைத் தொட்டவுடன் விட்டுவிடாதீர்கள். இரண்டு விநாடி நில்லுங்கள். முதுகு இழுத்துக்கொண்டே இருக்கட்டும், இல்லாவிட்டால் அம்பு முன்னால் வழுகும். அரை அங்குலம் வழுகினாலே வேகம் குறைந்து அம்பு கீழே விழும். நண்பர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தி அம்பு முனையை மட்டும் கவனிக்கச் சொன்னால் தெரிந்துவிடும்.

விரலைத் திறக்க முயலாதீர்கள். தளர்த்துங்கள், நாண் தானே போய்விடும். கை தாடையோரமாகக் காதுக்குக் கீழே வழுக்கிப் போவது சரியான அடையாளம். அம்பு இலக்கைத் தொடும் வரை இடது கையை இறக்காதீர்கள்.

6. இலக்கே இல்லாமல் பயிற்சி

இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் ஃபோம் அல்லது இறுக்கமான வைக்கோல் கட்டு. அதில் தாள் ஒட்ட வேண்டாம். நிலைக்கு வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு எய்யுங்கள். குறி இல்லாதபோது கவனம் முழுக்க உடம்புக்குப் போகிறது; ஆங்கர் தொடுவதும் முதுகு இறுகுவதும் தெளிவாகத் தெரியும். பின்னால் யாரும் நடமாட முடியாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் இதில் தொடங்குங்கள், களைப்பு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.

7. கூட்டத்தைப் படிப்பது

அப்புறம் 5 மீட்டர், பிறகு 10. ஆறு அம்பு எய்து, விழுந்த விதத்தைப் பாருங்கள். மேலும் கீழுமாகச் சிதறினால் இழுப்பின் அளவோ ஆங்கரோ மாறுகிறது. அவ்வப்போது ஒன்றிரண்டு இடப்பக்கம் ஓடினால், விடும்போது கையை முகத்திலிருந்து வெளியே பிடுங்குகிறீர்களா என்று பாருங்கள். எல்லாம் நெருக்கமாக, ஆனால் எப்போதும் இடப்பக்கமே விழுகிறதா? அது பெரும்பாலும் உங்கள் தவறு இல்லை, அம்பு உங்கள் வில்லுக்கு விறைப்பு அதிகமாக இருக்கலாம். கடைக்காரரிடமோ பயிற்சியாளரிடமோ வில்லையும் அம்பையும் சேர்த்துக் காட்டுங்கள்.

கூட்டம் ஒரு கையகலத்துக்குள் தொடர்ந்து வந்தால் மட்டும் தூரத்தைக் கூட்டுங்கள். கூட்டிய இடத்தில் சிதறினால் பழைய தூரத்துக்கே திரும்பி, மறுபடி ஆங்கரில் இருந்து தொடங்குங்கள்.