துணைவர் ஸ்பவுஸ் விசாவில் இருக்கிறார்: யுனிவர்சல் கிரெடிட் கேட்பது எப்படி?

கல்யாணமாகி, விசா கிடைத்து, கணவர் ஊரிலிருந்து லண்டன் வந்து மூன்று மாதம். இந்த நேரம் பார்த்து உங்களுக்கு வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்கள், வாடகை கழுத்தை நெரிக்கிறது. குறைந்த வருமானக்காரர்களுக்கு பிரிட்டன் அரசு மாதாமாதம் தரும் உதவித்தொகையான யுனிவர்சல் கிரெடிட் போடலாமா? போட்டால் அவர் விசாவுக்கு வினையாகுமா?

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் சிலர் பயந்துபோய் எதையுமே கேட்காமல் கடனில் ஓட்டியிருப்பார்கள். சிலர் 'தனியாக இருக்கிறேன்' என்று டிக் போட்டிருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு அக்கா அப்படித்தான் செய்தார். ஒளிக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, 'அவருக்குத்தான் பணம் கிடையாதே, அவர் பெயரை எதற்கு இழுப்பது' என்று நினைத்திருக்கிறார். பின்னால் அதிகமாக வாங்கிய பணத்தை மாதாமாதம் பிடித்துக்கொண்டார்கள்.

பிரிட்டிஷ் குடியுரிமையோ ஐ.எல்.ஆரோ (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) உள்ளவர் கேட்கலாம். ஆனால் ஜோடியாக வாழ்கிறோம் என்று சொல்லித்தான் கேட்க வேண்டும். அடிப்படைத் தொகை தனி ஆள் கணக்கில் வரும், சம்பளமும் சேமிப்பும் இருவருடையதும் பார்க்கப்படும். முழு விஷயமும் இவ்வளவுதான். இனி படிப்படியாக.

படி 1: விசாவில் என்ன எழுதியிருக்கிறது?

பழைய பிளாஸ்டிக் அட்டைகள் 2024 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டன. இப்போது எல்லாம் ஈ-விசா. துணைவரின் கணக்கைத் திறந்து நிபந்தனைகளைப் படியுங்கள். ஸ்பவுஸ் விசா என்றால் வேலை செய்யலாம், பொது நிதி பெற முடியாது என்றிருக்கும்.

யுனிவர்சல் கிரெடிட், சைல்டு பெனிஃபிட், ஹவுசிங் பெனிஃபிட், பிப் (நீண்டகால நோயோ ஊனமோ உள்ளவர்களுக்கான உதவி), கேரர்ஸ் அலவன்ஸ் (அப்படிப்பட்டவரைப் பராமரிப்பவருக்கானது), கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷன், பென்ஷன் கிரெடிட், கவுன்சில் வீடு எல்லாம் பொது நிதியில் அடக்கம். என்.ஹெச்.எஸ். மருத்துவமும் அரசுப் பள்ளியும் அதில் வராது. நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டியதை வைத்துத் தரும் நியூ ஸ்டைல் ஜே.எஸ்.ஏ. (வேலை தேடுபவருக்கான உதவி), வேலை பார்த்ததற்காகக் கிடைக்கும் மெட்டர்னிட்டி அலவன்ஸ் போன்றவையும் வராது. தகுதி இருந்தால் ஸ்பவுஸ் விசாக்காரரே தன் பெயரில் இவற்றைக் கேட்கலாம். இது பலருக்குத் தெரிவதே இல்லை.

படி 2: விண்ணப்பம்

அரசு இணையதளத்தில் கணக்குத் தொடங்குங்கள். துணையோடு வசிக்கிறீர்களா என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே போடுங்கள். பெரும்பாலும் துணைவரையும் ஒரு கணக்குத் தொடங்கி, உங்கள் கணக்கோடு குறியீட்டு எண் கொண்டு இணைக்கச் சொல்லும். அங்கேதான் பலருக்குக் கை நடுங்கும். விவரம் கொடுப்பது வேறு, பணம் வாங்குவது வேறு. அவர் விசா விவரத்தை உள்ளபடியே போடுங்கள். அவருக்குத் தகுதியில்லை என்று அவர்களே முடிவுசெய்து, உங்களைத் தனி ஆளாகக் கணக்கில் எடுப்பார்கள்.

அப்புறம் ஜர்னலிலும் (உங்கள் கணக்கில் அலுவலகத்துக்குச் செய்தி எழுதும் பகுதி) ஒரு வரி எழுதிவிடுங்கள்: 'என் கணவர் ஸ்பவுஸ் விசாவில் இருக்கிறார், பொது நிதி பெற முடியாது. எனக்குத் தனி நபர் தொகை மட்டும் தரவும்.' ஜர்னலில் எழுதியது அழியாது. நாளை கேள்வி வந்தால் அதுவே சாட்சி.

முதல் பணம் வர ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும். இடையில் அட்வான்ஸ் கேட்கலாம். அது கடன்தான், பிறகு பிடித்துக்கொள்வார்கள்.

படி 3: கணக்கைச் சரிபாருங்கள்

2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டின் தொகைகளை வைத்துச் சொல்கிறேன். ஒவ்வொரு ஏப்ரலிலும் இவை மாறும். 25 வயதோ அதற்கு மேலோ ஆன தனி நபருக்கு மாதம் 400.14 பவுண்டு. ஜோடியில் ஒருவருக்காவது 25 ஆகியிருந்தால் 628.10.

37 வயது மனைவி, பிரிட்டிஷ் குடியுரிமை, குழந்தை இல்லை, அவருக்கு இப்போது சம்பளமும் இல்லை. வாடகைக்காக 700 பவுண்டு ஏற்றுக்கொள்கிறார்கள் என்று வைப்போம். 400.14-ஐயும் 700-ஐயும் கூட்டினால் 1,100.14. கணவர் ரெஸ்டாரண்டில் வேலை செய்து கையில் 900 பவுண்டு வாங்குகிறார். அதில் 55 சதவீதம், அதாவது 495 பவுண்டு கழியும். கிடைப்பது 605.14. அவருக்கென்று ஒரு பென்னியும் தராமல் அவர் சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுப்பது அநியாயமாகத்தான் தெரிகிறது. எனக்கும் அப்படித்தான். ஆனால் விதி அதுதான்.

சேமிப்பும் அப்படியே. இருவருடையதும் சேர்த்து 16,000 பவுண்டுக்கு மேல் போனால் யுனிவர்சல் கிரெடிட் கிடையாது. 6,000-க்கு மேல் போனாலே தொகை குறையத் தொடங்கும். ஊரில் வங்கியில் கிடக்கும் பணத்தையும் சொல்ல வேண்டும்.

மாத ஸ்டேட்மென்ட் வந்ததும் முதல் வரியைப் பாருங்கள். தனி நபர் தொகைக்குப் பதில் ஜோடித் தொகை இருந்தால் சந்தோஷப்படாதீர்கள். கணவர் இங்கே இருப்பதால் உங்களுக்குக் கூடுதல் பணம் வந்தால் அது அவர் விசா நிபந்தனையை மீறியதாகிவிடும். அன்றே ஜர்னலில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள், கூடுதலாக வந்ததைத் தொடாதீர்கள்.

படி 4: மற்ற உதவிகள்

குழந்தை இருந்தால் சைல்டு பெனிஃபிட்டை நீங்கள் உங்கள் பெயரில் கேளுங்கள், விசாவில் இருப்பவர் கேட்கக் கூடாது. கவுன்சில் டாக்ஸ் ரிடக்‌ஷனும் அப்படித்தான். இதுவரை தனி ஆள் என்று 25 சதவீதத் தள்ளுபடி வாங்கியிருந்தால், அவர் வந்து சேர்ந்ததைக் கவுன்சிலுக்குச் சொல்லிவிடுங்கள்.

படி 5: விசா நீட்டிப்பு

நீங்கள் உங்கள் உரிமைப்படி வாங்கும் யுனிவர்சல் கிரெடிட்டால் மட்டும் அவர் விசா ரத்தாகாது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நீட்டிப்புக்கு வருமான நிபந்தனை உண்டு. 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக இந்த வழியில் விண்ணப்பித்தவர்களுக்கு ஆண்டுக்கு 29,000 பவுண்டு. அதில் யுனிவர்சல் கிரெடிட் சேராது. ஆனால் உங்களுக்கு பிப்போ கேரர்ஸ் அலவன்ஸோ கிடைத்தால் அந்த 29,000 நிபந்தனை பொருந்தாது, குடும்பம் நடத்தப் போதுமான பணம் இருக்கிறது என்று காட்டினால் போதும். நீட்டிப்புக்கு ஆறு மாதம் முன்பே பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகரைப் பாருங்கள். 'எல்லாம் பார்த்துக்கலாம்' என்று சொல்லும் மாமாக்களைக் கேட்காதீர்கள்.

சாப்பாட்டுக்கே வழியில்லை என்ற நிலை வந்தால், பொது நிதித் தடையை நீக்கக் கேட்டு விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. ஆனால் அதனால் ஐ.எல்.ஆருக்கான ஐந்தாண்டு வழி பத்தாண்டு வழியாக மாறக்கூடும். அதனால் ஆலோசகரிடம் கேட்டுவிட்டே போடுங்கள். குடும்ப வன்முறையால் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தவருக்குத் தனிச் சலுகை இருக்கிறது. மூன்று மாதத்துக்குப் பொது நிதி பெறும் அனுமதி கிடைக்கும், அதற்குள் ஐ.எல்.ஆர். கேட்கலாம். விசா போய்விடுமே என்று அடியை வாங்கிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை.

ஐ.எல்.ஆர். கிடைத்த அன்றே

அன்றைக்கே ஜர்னலில் எழுதுங்கள். பரிசோதனை முடிந்து அவரும் கிளைமில் சேர்ந்ததும் ஜோடித் தொகை வரும். ஆனால் தாமதமாகச் சொன்னால், சொன்ன மாதக் கணக்கிலிருந்துதான் பொதுவாகக் கூட்டித் தருவார்கள். மேலே சொன்ன கணக்கில் ஒரு மாதத் தாமதத்துக்கு 227.96 பவுண்டு போய்விடும்.