மியாசிஸ் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு செல் தன்னையொத்த இரு செல்களாகப் பிரிவது மைட்டாசிஸ்; இரண்டு பகுப்புகளில் குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்கும் செல் பிரிவு மியாசிஸ். மியாசிஸ் என்பது மைட்டாசிஸ் அடுத்தடுத்து இருமுறை நடப்பதுதான் என்று எண்ணிக்கொண்டு படிக்கத் தொடங்குவதே இந்தப் பாடத்தில் நேரும் பெரும்பாலான பிழைகளுக்கு வேர். மைட்டாசிஸில், தாய்வழி வந்த குரோமோசோமும் தந்தைவழி வந்த அதன் இணையும் பொதுவாக ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே நகர்கின்றன. மியாசிஸிலோ அவை ஒன்றையொன்று கண்டடைந்து, நீளவாக்கில் நெருங்கிச் சேர்ந்து, அதன் பிறகே பிரிகின்றன. இந்த இணைசேர்தலைப் புரிந்துகொள்ளாமல் நிலைகளின் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்தால் மதிப்பெண் கிடைக்கலாம். இரண்டு பகுப்புகள் எதற்கு என்பது விளங்காது.

குரோமோசோம் எண்ணிக்கை இரண்டாம் பகுப்பில்தான் பாதியாகிறது என்று பலர் எழுதுகிறார்கள். மனித செல்லில் 46 குரோமோசோம்கள் உள்ளன. பகுப்புக்கு முன்பே டி.என்.ஏ. இரட்டிப்பதால் ஒவ்வொரு குரோமோசோமிலும் ஒன்றையொன்று ஒத்த இரண்டு நகல்கள், அதாவது குரோமாட்டிடுகள், ஆக மொத்தம் 92 குரோமாட்டிடுகள் இருக்கும். முதல் பகுப்பில் பிரிவது இணைகளே. எனவே அதன் முடிவிலேயே ஒவ்வொரு செல்லிலும் 23 குரோமோசோம்கள்தான், ஆனால் ஒவ்வொன்றும் இரண்டு குரோமாட்டிடுகளோடு. இரண்டாம் பகுப்பில் குரோமாட்டிடுகள் பிரிகின்றன, எண்ணிக்கை 23 ஆகவே நீடிக்கிறது. டி.என்.ஏ.யின் அளவு இருமுறை பாதியாகிறது, குரோமோசோம் எண்ணிக்கை ஒருமுறைதான். ஐயம் வந்தால் குரோமாட்டிடுகளை விட்டுவிட்டு, அவை பிணைந்திருக்கும் இடமான சென்ட்ரோமியர்களை எண்ண வேண்டும்.

இணைசேர்ந்த குரோமோசோம்கள் தம் துண்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் குறுக்கேற்றம் பற்றிய தவறு இதைவிட ஆழமானது. வேறுபாடுகளை உண்டாக்குவதற்காகவே குறுக்கேற்றம் நடக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். 23 இணைகள் தற்சார்பாகப் பிரிவதாலேயே, குறுக்கேற்றம் இல்லாமலும், ஏறத்தாழ 84 லட்சம் வகைச் சேர்க்கைகள் வாய்க்கும் என்பதை அப்போது மறந்துவிடுகிறோம். குறுக்கேற்றத்துக்கு இயந்திரத்தனமான இன்னொரு வேலை உண்டு. கதிர்கோல் இழைகள் இணையின் இரு உறுப்புகளையும் எதிரெதிர்த் துருவங்களை நோக்கி இழுக்கும்போது, கயாஸ்மா என்னும் அந்தக் குறுக்கு இணைப்பு அவற்றை விடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் உண்டாகும் இழுவிசையை வைத்தே இழைகள் சரியாகப் பற்றியுள்ளனவா என்பதைச் செல் அறிகிறது. அப்பிடிப்பு இல்லாத இணை, பெரும்பாலான உயிரினங்களில், எப்பக்கமும் தாறுமாறாகப் போய்ச் சேரக்கூடும். விதிவிலக்கும் உண்டு: டிரோசோஃபிலா பழ ஈயின் ஆண்களில் குறுக்கேற்றமே நடப்பதில்லை, வேறு புரதங்கள் அந்தப் பொறுப்பை ஏற்கின்றன. படம் வரையும்போது ஒரே குரோமோசோமின் சகோதர குரோமாட்டிடுகள் இரண்டையும் குறுக்காக வரைந்துவிடுவதும் அடிக்கடி காணும் பிழை. மரபணுக் கலவை தருவது, இணையின் வெவ்வேறு குரோமோசோம்களைச் சேர்ந்த குரோமாட்டிடுகளுக்கு இடையே நடக்கும் பரிமாற்றமே.

இணைசேர்தல் இயலாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு வாழைப்பழமே சான்று. பூவன், ரஸ்தாளி, நேந்திரன் ஆகியவற்றில் 11 குரோமோசோம்கள் கொண்ட தொகுதி மூன்று முறை இருக்கிறது, மொத்தம் 33. மூன்றை இரு சம பங்காகப் பிரிக்க முடியாததால் பயன்படத்தக்க இனச்செல்கள் (முட்டை, விந்து போன்றவை) அரிதாகவே உருவாகின்றன. பழத்தைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் தெரியும் சிறு கரும்புள்ளிகள் விதையாக வளராத சூல்களே. ஆனால் விதையின்மைக்கு இது மட்டுமே காரணம் என்று எழுதிவிடக் கூடாது. மகரந்தச் சேர்க்கை இல்லாமலேயே சதை பருக்கும் தனிப்பண்பு இல்லாவிட்டால் உண்ண நமக்குப் பழமே இருந்திராது.

ஒரு மியாசிஸ் நான்கு முட்டைகளைத் தரும் என்பதும் தவறு. ஒரு முட்டைதான், மற்றவை மிகச் சிறிய துருவ செல்கள். மனிதப் பெண்ணில் முட்டைத் தாய்செல்கள், அவள் பிறப்பதற்கு முன்பே முதல் பகுப்பைத் தொடங்கி, பல்லாண்டுகள் அப்படியே காத்திருக்கின்றன. குரோமாட்டிடுகளைப் பிணைத்து வைக்கும் கொஹீசின் புரதங்கள் அந்த நெடிய காத்திருப்பில் தளர்ந்து குரோமோசோம்கள் தவறாகப் பிரிவது, கூடுதல் குரோமோசோமால் வரும் டவுன் நோய்க்குறியின் வாய்ப்பு தாயின் வயதோடு கூடுவதற்கான காரணங்களுள் ஒன்று. இதைத் தாயின் குற்றமாகப் பேசுவது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

மியாசிஸின் விளைவு எப்போதும் இனச்செல்லே என்று கொள்வது விலங்குகளை மட்டுமே பார்ப்பதால் வருவது. பெரணியில் மியாசிஸ் தருவது ஸ்போர்கள் என்னும் ஒற்றைச் செல் வித்துகளை. அவை முளைத்து வளரும் சிறு தாவரம்தான் பிறகு மைட்டாசிஸ் மூலம் இனச்செல்களைத் தோற்றுவிக்கிறது.

பரிணாமத்தைப் பேசும்போது, எதிர்காலச் சந்ததிக்கு வேறுபாடு வேண்டும் என்பதற்காக மியாசிஸ் தோன்றியது என்று எழுதுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். இயற்கைத் தேர்வுக்கு முன்னோக்கு கிடையாது. குறுக்கேற்றம், டி.என்.ஏ.யின் இரு இழைகளையும் செல் தானே வெட்டிக்கொள்வதில் தொடங்குகிறது. ஸ்போ11 என்னும் புரதமே அவ்வெட்டைச் செய்கிறது என்பது 1997இல் ஈஸ்டில் கண்டறியப்பட்டது. அப்புரதம், ஆர்க்கியா என்னும் ஒற்றைச் செல் நுண்ணுயிர்களில் உள்ள, டி.என்.ஏ.யின் முறுக்கைச் சீர்செய்யும் ஒரு டோபோஐசோமரேஸ் நொதியின் உறவு. வெட்டைச் சரிசெய்யும் புரதங்கள், பாக்டீரியாவிலும் டி.என்.ஏ.யைப் பழுதுபார்க்கும் ரெக்ஏ குடும்பத்தைச் சேர்ந்தவை. மியாசிஸ் செய்யாத உயிர்களிடம் ஏற்கெனவே இருந்த கருவிகள் புதிய வேலைக்கு வந்தன என்பதையே இது காட்டுகிறது. மியாசிஸை உயர்ந்த உயிரினங்களின் பண்பாக எண்ணுவதும் பொருந்தாது. ஒற்றைச் செல் ஈஸ்ட், நைட்ரஜன் கிடைக்காதபோது மியாசிஸ் நடத்தி ஸ்போர்களாகிறது. குடலைத் தாக்கும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியான ஜியார்டியாவுக்குப் பாலினப்பெருக்கம் இல்லை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. 2005இல் அதன் மரபணுத்தொகுதியில் மியாசிஸுக்கே உரிய மரபணுக்கள் காணப்பட்ட பிறகு, உண்மையுட்கரு உயிரிகளின் (செல்லில் உட்கரு கொண்டவற்றின்) பொது மூதாதையிடமே மியாசிஸ் இருந்தது என்ற கருத்து வலுப்பெற்றது.